சீனிப்பாகைச் சந்தேகித்தவர்

ஹார்வி வொஷிங்டன் வைலி 1844இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இருபது வயது ஆகுமுன்னரே உள்நாட்டுப் போரில் சிப்பாயாக நின்றார். பிறகு மருத்துவம் படித்தார். ஆனால் அவரை ஈர்த்தது இரசாயனவியல். 1874இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

1878இல் ஜேர்மனி சென்று, ஒளியைப் பாய்ச்சிச் சீனியின் வகையை அறியும் முறையைக் கற்றுவந்தார். அதைக்கொண்டு ஊர்க்கடைகளின் பாகையும் தேனையும் சோதித்தார். பலவற்றில் மலிவான குளுக்கோஸ் கலந்திருந்தது.

கலப்படம் காசைத்தானே பறிக்கிறது என்று விட்டுவிட முடியாது. அன்று மாப்பொருளைக் கந்தக அமிலத்துடன் கொதிக்க வைத்தே குளுக்கோஸ் செய்தார்கள். அமிலம் அசுத்தமானால் நஞ்சும் பாகோடு வரும். 1900இல் இங்கிலாந்தின் மன்செஸ்டர் பகுதியில் அதுவே நடந்தது. பியர் காய்ச்சச் சேர்த்த சீனியைத் தயாரித்த அமிலத்தில் ஆர்சனிக் இருந்தது. 6,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டனர். குறைந்தது 70 பேர் இறந்தனர். கைகால் மரத்து வந்தவர்களைக் கண்டு, குடியால் வந்த வருத்தம் என்றே வைத்தியர்கள் முதலில் நினைத்தார்களாம். ஏழைக் குடிகாரன் சொல்வதை யார் கேட்பது?

பொருளாதாரத் தடைக்காலத்தில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்து வளர்ந்தவள் நான். முகாமில் கிடைத்ததை உண்டபோது, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கும் நிலையில் எங்களில் எவரும் இருக்கவில்லை. இப்போது கடை நிறைய இனிப்புப் பானங்கள். கேட்கும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை.

வைலி கேட்டார். விவசாயத் திணைக்களத்தின் தலைமை இரசாயனவியலாளராக இருந்தபோது, 1902இல் இளைஞர்கள் பன்னிருவரைத் திரட்டி, உணவு கெடாமலிருக்கச் சேர்க்கும் போராக்ஸ், போமலின் போன்றவற்றை அவர்களுக்கே கொடுத்து விளைவுகளைப் பதிந்தார். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது. நாடெங்கும் பேச்சானது. 1906 ஜூன் 30இல் தூய உணவுச் சட்டத்தில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒப்பமிட்டார்.

ஆனால் இனிப்பு விடயத்தில் அவர் தோற்றார். குளுக்கோஸை அந்தப் பெயரிலேயே விற்கவேண்டும் என்று நின்றார். 1908இல் அரசு, கம்பனிகள் விரும்பிய சோளப்பாகு என்ற பெயரை அனுமதித்தது. அது இன்றும் போத்தல்களில் இருக்கிறது. நிலக்கரித் தாரிலிருந்து செய்த சக்கரினைச் சீனிபோல் விற்பது மோசடி என்று ரூஸ்வெல்டின் முன்னிலையிலேயே சொன்னார். ரூஸ்வெல்ட்டோ வைத்தியர் சொற்படி அதைத் தினமும் பாவித்தவர், சீறிவிட்டார். சக்கரின் உடலுக்கு அவர் அஞ்சிய அளவு கேடு என்று பிற்காலத்தில் நிரூபணமாகவில்லை. ஆனால் வாங்குபவருக்குத் தெரியாமல் மாற்றக்கூடாது என்றதில் பிழை காண எனக்கு முடியவில்லை.

1912இல் பதவி விலகி, ஒரு பெண்கள் சஞ்சிகையின் ஆய்வுகூடத்தில் உணவுகளைச் சோதித்தபடியே இருந்தார். 1930 ஜூன் 30 அன்று, சட்டம் பிறந்து சரியாக 24 வருடங்களில், காலமானார்.