பியோ டெல் ரியோ ஒர்த்தேகா

பியோ டெல் ரியோ ஒர்த்தேகா (மே 5, 1882 – சூன் 1, 1945) எசுப்பானிய நரம்பியல் அறிஞரும் திசுவியலாளரும் ஆவார். மூளையின் நோயெதிர்ப்பு உயிரணுக்களைத் தனி வகையாக இனங்கண்டு, அவற்றுக்கு மைக்ரோகிளியா எனப் பெயரிட்டவர் இவரே. மூளைக் கட்டிகளை வகைப்படுத்துவதிலும் முக்கிய பங்காற்றினார்.

இளமையும் கல்வியும்

எசுப்பானியாவின் வல்லாதோலித் மாகாணத்தில் உள்ள போர்த்தில்லோ என்னும் ஊரில் பிறந்தார். வல்லாதோலித் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1905 இல் பட்டம் பெற்றார். சிறிது காலம் சொந்த ஊரில் மருத்துவராகப் பணியாற்றினார். மூளைக் கட்டிகள் பற்றிய ஆய்வேட்டை அளித்து மத்ரித்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் அந்நகரில் நிக்கொலாசு அச்சூக்காரோவின் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

கண்டுபிடிப்பு

நரம்பணுக்கள், விண்மீன் வடிவ உயிரணுக்கள் ஆகியவை தவிர மூளையில் காணப்பட்ட ஏனைய உயிரணுக்களை, நோபல் பரிசு பெற்ற சந்தியாகோ ரமோன் இ காகால் "மூன்றாம் கூறு" என அழைத்தார். அன்றைய நிறமேற்றும் முறைகளில் இவற்றின் கிளைகள் புலப்படவில்லை. 1918 இல் ஒர்த்தேகா வெள்ளி கார்பனேட்டைப் பயன்படுத்தும் புதிய முறையை உருவாக்கினார். அதன் வழியாக, மூன்றாம் கூறு என்பது ஒரே வகை அன்று என்பது தெளிவாயிற்று. 1919 இல் மைக்ரோகிளியாவையும், 1921 இல் ஒலிகோதெந்திரோகிளியாவையும் விவரித்தார். மூளை காயமுறும்போது மைக்ரோகிளியா உருமாறி, நகர்ந்து சென்று, சிதைவுகளை விழுங்குவதையும் எடுத்துக்காட்டினார்.

காகாலுடன் ஏற்பட்ட பிணக்கினால் 1920 இல் அவரது ஆய்வகத்திலிருந்து வெளியேற நேர்ந்தது. எனினும் மத்ரித்தில் வேறோர் ஆய்வகத்தில் பணியைத் தொடர்ந்தார். கனடாவில் பின்னாளில் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு 1924 இல் அங்கு வந்து வெள்ளி முறையைக் கற்றார். மூளைக் கட்டிகளுக்குள் மைக்ரோகிளியா இருப்பதைப் பற்றி 1925 இல் கட்டுரை வெளியிட்டார்.

நாடுகடந்த வாழ்வு

1936 இல் உள்நாட்டுப் போர் மூண்டதால் ஒர்த்தேகா தாயகத்தை விட்டு நீங்கினார். பாரிசிலும் ஆக்சுபோர்டிலும் கட்டிகளை ஆராய்ந்தபின், 1940 இல் அர்கெந்தீனா சென்றார். நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டும் அப்பரிசைப் பெறாமலே புவெனசு ஐரிசில் காலமானார். இவரது உடல் எச்சங்கள் 1986 இல் வல்லாதோலித்துக்குக் கொண்டுவரப்பட்டன.

இன்றைய முக்கியத்துவம்

கிளையோபிளாசுடோமா போன்ற கொடிய மூளைக் கட்டிகளில் மைக்ரோகிளியாவும், இரத்தத்திலிருந்து வரும் பெருவிழுங்கி உயிரணுக்களும் பெருமளவில் காணப்படுகின்றன. கட்டி சுரக்கும் வேதிப்பொருள்கள் இவற்றை ஈர்த்துத் தமக்குச் சாதகமாக மாற்றுகின்றன. கட்டியைத் தாக்க வேண்டிய இவ்வுயிரணுக்கள், சுற்றுத் திசுவைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து கட்டி பரவ வழிவகுக்கின்றன. ஏனைய நோயெதிர்ப்பு உயிரணுக்களையும் அடக்குகின்றன. இவற்றை மீண்டும் கட்டிக்கு எதிராகத் திருப்புவது இன்றைய புற்றுநோய் ஆய்வின் குறிக்கோள்களுள் ஒன்றாகும்.