பெயருக்கேற்ப வாழாத மன்னர்



பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது நாம் எவ்வளவு யோசிக்கிறோம்! ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்து அரச குடும்பத்திலும் ஒரு பிள்ளைக்கு நல்ல பெயராகத்தான் வைத்தார்கள். எத்தல்ரெட் என்பது அந்தப் பெயர். உயர்ந்த ஆலோசனை என்பது அதன் பொருள். ஆனால் பிற்காலத்தார் அவருக்குக் கெட்ட ஆலோசனை என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். ஏன் இப்படி ஆச்சு? கேளுங்கள்.

கி.பி. 978-ஆம் ஆண்டு அவருடைய அண்ணன், மன்னர் எட்வர்ட், கார்ஃப் என்ற ஊரில் கொலையுண்டார். இருவருக்கும் தந்தை ஒருவர், தாய் வேறு. கொலை செய்தவர்களுக்குத் தண்டனை இல்லை. தம்பி எத்தல்ரெட் மன்னரானார். அப்போது அவருக்கு வயது பத்து, பன்னிரண்டுதான் இருக்கும். நம் பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கும் பையனின் வயது! பிள்ளைமேல் குற்றமில்லை. ஆனால் சந்தேகம் என்ற கறையான் அன்றே அரண்மனைக்குள் புகுந்துவிட்டது.

980 முதல் வைக்கிங் கொள்ளையர் கப்பல் கப்பலாக வந்து கடலோர ஊர்களைச் சூறையாடினர். 991-ல் மால்டன் என்னுமிடத்தில் பிரித்நோத் என்ற முதிய தளபதி எதிர்த்து நின்று உயிரைக் கொடுத்தார். அரசரைச் சுற்றியிருந்தவர்களோ காசு கொடுத்து அனுப்பிவிடலாம் என்றார்கள். 10,000 பவுண்டு வெள்ளி கொடுத்தார்கள். ஒரு பவுண்டுக்கு 240 காசு. அப்படியானால் 24 லட்சம் காசு! அது யார் வீட்டுப் பணம்? உழுது பிழைத்த குடியானவன் கட்டிய வரிதான்.

வாங்கிப் பழகியவன் சும்மா இருப்பானா? 994-ல் 16,000 பவுண்டு. அந்த முறை பணம் பெற்ற ஓலாஃப் என்ற தலைவர் சொன்ன சொல் காத்து மறுபடி வரவில்லை. ஆனால் வேறு கூட்டம் வந்ததே! 1002-ல் 24,000. 1012-ல் 48,000. இருபது ஆண்டில் தொகை ஏறக்குறைய ஐந்து மடங்காகிவிட்டது, பாருங்கள்.

பயம் ஒரு நாள் வெறியாக மாறியது. 1002 நவம்பர் 13-ஆம் நாள், தம் நாட்டில் குடியிருந்த டேனியர்களைக் கொல்லும்படி மன்னர் ஆணையிட்டார். ஆக்ஸ்ஃபோர்டு நகரில் தேவாலயத்திற்குள் ஓடி ஒளிந்தவர்களை, அந்த ஆலயத்தோடு சேர்த்து எரித்தார்கள். மறு ஆண்டே டென்மார்க் மன்னர் சுவெய்ன் படையோடு வந்து இறங்கினார்.

1009-ல் நாடே சேர்ந்து பெரிய கப்பற்படை கட்டியது. அப்பாடா, இனித் தப்பித்தோம் என்று மக்கள் நினைத்தார்கள். நடந்தது என்ன? தளபதிகள் இருவருக்குள் சண்டை. ஒருவர்மேல் மற்றவர் கோள் சொல்ல, அவர் 20 கப்பலோடு போய்விட்டார். விரட்டிப்போன 80 கப்பல்கள் புயலில் சிக்கிக் கரையில் மோதின. மிஞ்சியதைத் தீ தின்றது. எதிரி ஒரு அம்பு விடவில்லை. நம்மவர் கையே நம்மவர் கண்ணைக் குத்தியது.

1013-ல் சுவெய்ன் நாட்டைப் பிடித்துக்கொண்டார். எத்தல்ரெட், மனைவி எம்மாவின் தாய்நாடான நார்மண்டிக்கு ஓடினார். மறு ஆண்டு சுவெய்ன் இறந்ததும் பெரியோர்கள் அவரைத் திரும்ப அழைத்தார்கள். சும்மா இல்லை, முன்னைவிட நீதியாக ஆள வேண்டும் என்ற நிபந்தனையோடு! மன்னரும் தம் குறைகளைத் திருத்திக்கொள்வதாக வாக்குக் கொடுத்தார். ஆனால் காலம் கடந்துவிட்டது. 1016 ஏப்ரல் 23-ல் லண்டனில் கண்மூடினார். அந்த ஆண்டு முடிவதற்குள் சுவெய்னின் மகன் கானூட் முழு நாட்டுக்கும் மன்னரானார்.

இந்த மன்னர் ஒன்றும் செய்யாதவர் என்று சொல்ல முடியாது. 38 ஆண்டுகள் தாக்குப்பிடித்தவர்தான். ஆனால் யார் சொல்லைக் கேட்பது, யாரை நம்புவது என்பதில் தவறிவிட்டார்.

இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளே, வாங்காத பிள்ளைகளே! பெயரைப் பெற்றோர் வைப்பார்கள். அதற்குப் பொருள் சேர்ப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. நல்லது சொல்பவரிடம் காது கொடுங்கள். கூட இருப்பவனோடு சண்டை போட்டுச் சொந்தக் கப்பலை எரித்துவிடாதீர்கள்.