நகரங்களின் வைத்தியர்

நகரத்தைத் திருத்துவது என்றால் இடிப்பது என்றே அதிகாரிகள் பொருள் கொள்ளும் வழக்கம் இன்று தோன்றியதன்று. நூறாண்டுகளுக்கு முன்பே அது நம் தேசத்தில் வேரூன்றிவிட்டது. அவ்வழக்கத்தை எதிர்த்து, ஜனங்களின் வீடுகளுக்காகவும் குளங்களுக்காகவும் வாதாடியவர் ஓர் அந்நியர். ஸ்காட்லாந்து தேசத்தவரான பாட்ரிக் கெட்டிஸின் சரித்திரத்தைப் பொது ஊழியர்களுக்கு நினைவூட்டுவது நம் கடமை என்று கருதுகிறோம்.

1854-ஆம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி பிறந்த கெட்டிஸ், லண்டனில் ஹக்ஸ்லியிடம் உயிர்நூல் பயின்றார். 1879-இல் ஆராய்ச்சிக்காக மெக்ஸிகோ சென்ற இடத்தில் கண்ணோய் கண்டு, சில காலம் இருட்டறையில் கிடக்க நேர்ந்தது. அதன்பின் நுண்ணோக்கியை நம்பி வாழ இயலாமற் போயிற்று. ஆனால் அகக்கண் மங்கவில்லை. செடியையும் அது வளரும் மண்ணையும் பிரித்து அறிய முடியாது என்று கண்ட அவர், மனிதனையும் அவன் ஊரையும் அவ்வாறே நோக்கலானார்.

1886-இல் ஆன்னா மார்ட்டனை மணந்த கெட்டிஸ், மறு வருஷமே எடின்பரோவின் பழைய பகுதியில், ஏழைகள் நெருங்கி வாழ்ந்த ஜேம்ஸ் கோர்ட்டில் குடியேறினார். அண்டை வீட்டாரைச் சேர்த்துக்கொண்டு தம் கையாலேயே சுவருக்கு வெள்ளையடித்தார். குப்பை கிடந்த மூலைகளைத் தோட்டமாக்கினார். 1892-இல் அந்நகரத்துக் கோபுரம் ஒன்றை ஏற்று, நகரத்தையும் நாட்டையும் உலகத்தையும் ஒருங்கே காட்டும் கல்விக்கூடமாக்கினார். தன் ஊரை முழுதும் பார்த்தறியாதவன் அதைத் திருத்தத் தகுதியற்றவன் என்பதே அவர் சித்தாந்தம்.

1914-இல் சென்னைக் கவர்னர் பெண்ட்லண்டு பிரபு அவரை இங்கே அழைத்தார். அவர் பல்லாண்டுகள் சேகரித்த படங்களையும் வரைபடங்களையும் ஏற்றிவந்த கப்பலை எம்டன் கடலில் மூழ்கடித்தது. சென்னை மீது குண்டு வீசி, நம் பேச்சு வழக்கிலும் இடம் பெற்ற அதே எம்டன்தான். கெட்டிஸ் மனம் தளரவில்லை. நண்பர்கள் புதிதாகத் திரட்டியனுப்பியவற்றைக் கொண்டு 1915-இல் சென்னையில் தம் கண்காட்சியை நடத்தினார்.

பிறகு மதுரை, தஞ்சை முதலிய ஊர்களுக்குச் சென்று, சந்து பொந்துகளையெல்லாம் நடந்தே பார்த்தார். கோயிலை நடுவே வைத்துத் தெருக்களைச் சுற்றிலும் அமைத்த நம் முன்னோரின் திட்டத்தை வியந்தார். சுகாதாரத்தின் பெயரால் நெருக்கமான பகுதிகளைப் பிளந்து அகன்ற வீதிகள் போடும் யோசனைகளைக் கண்டித்தார். வீடிழந்த ஏழை மறைந்து போவதில்லை. வேறொரு நெருக்கமான தெருவில் போய் ஒண்டுகிறான். அங்கே வாடகையும் நோயும் பெருகுகின்றன. ஆகவே நாடி பார்க்காமல் கத்தியை எடுக்கலாகாது என்றார் அவர். பாழடைந்த வீட்டை மட்டும் அகற்றி, அவ்விடத்தில் மரம் நட்டுச் சிறு வெளியாக்குவதே அவர் காட்டிய சிகிச்சை. அதற்குச் செலவும் குறைவு. கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பதையும் எதிர்த்தார். கொசுப் புழுக்களைத் தின்ன மீன் இருக்கிறது, குளமோ மழைநீரைத் தாங்கி வெப்பத்தைத் தணிக்கிறது என்று விளக்கினார்.

இந்தூரில் அவர் செய்தது இன்னும் விசேஷம். எந்தத் தெருக்கள் அதிகமாகச் சுத்தம் செய்யப்படுகின்றனவோ அவ்வழியே தீபாவளி ஊர்வலம் செல்லும் என்று அறிவித்தார். பிளேக்கைப் பரப்பும் எலியும் ஜுரத்தைப் பரப்பும் கொசுவும் பெரிய பொம்மைகளாக ஊர்வலத்தில் வந்தன. அபராதத்தால் ஆகாதது உற்சாகத்தால் ஆயிற்று.

1917-இல் அவர் மூத்த மகன் பிரான்ஸ் போர்க்களத்தில் மாண்டான். அதே வருஷம் மனைவியும் நம் நாட்டிலேயே காலமானார். அத்துயரத்திலும் அவர் பணியை விடவில்லை. 1919-இல் பம்பாய் சர்வகலாசாலையில் ஆசிரியரானார். 1920-இல் ஜகதீச சந்திர வஸுவின் சரித்திரத்தை எழுதினார். 1925-இல் டெல் அவீவ் நகரத்துக்குத் திட்டம் வகுத்தார். 1932 ஏப்ரல் 17-ந் தேதி பிரான்ஸில் உயிர் துறந்தார்.

அவரிடம் குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. அவர் எழுத்து சிக்கலானது. அதைவிடப் பெரிய குறை, கவர்னர்களின் அழைப்பையும் மகாராஜாக்களின் ஆதரவையும் அவர் நம்பியிருக்க நேர்ந்தது. ஊரின் நெஞ்சை அறிந்தவர் அவர். ஆனால் ஊராருக்கு அதிகாரம் இல்லை. எனவே அவருடைய அறிக்கைகளிற் பல தஸ்தாவேஜு அறைகளிலேயே உறங்கின.

அந்த ஆட்சி 1947-இல் போயிற்று. 1992-இல் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம், நகரத் திட்டத்தை நகரசபைகளிடம் ஒப்படைக்க வழி வகுத்தது. இருந்தும், நீர் தங்க வேண்டிய இடங்களில் கட்டடங்கள் எழுந்தன. அதன் பலனைச் சென்னை 2015 டிசம்பரில் கண்டது. ஆற்றங்கரை ஏழைகள் தொழிலும் பள்ளியும் எட்டாத தொலைவுக்கு அனுப்பப்பட்டார்கள். இதற்கு அந்நியன் மேல் பழி போட இயலாது.

ஊழியம் செய்ய விரும்பும் வாலிபர்கள் தங்கள் வார்டின் வரைபடத்தைக் கையிலெடுத்து ஒவ்வொரு சந்திலும் நடந்து பார்க்கட்டும். எந்தக் குளம் எங்கே இருந்தது, எந்தக் குடும்பம் எதை அஞ்சுகிறது என்று கேட்டறியட்டும். பிறகு நகரசபையில் சென்று கேள்வி கேட்கட்டும். கெட்டிஸுக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை அதுவே.