மைசூர் யானை லாயம் டு ஹாலிவுட்: யார் இந்த சாபு? 1952-ல் அவருக்கு என்ன ஆனது?

ஓசூர், மூக்கண்டப்பள்ளி பக்கம் இருக்கிறவங்களுக்கு யானை ஒண்ணும் புதுசு இல்லை. கர்நாடகாவிலிருந்து கூட்டமாக வந்து தளி, சானமாவு காடுகளில் முகாமிடும் யானைகள் பற்றிய செய்தியை வருஷா வருஷம் பார்ப்பீங்க. அதே கர்நாடகாவில் யானைகளோடு வளர்ந்த ஒரு பையன், ஹாலிவுட் படங்களின் போஸ்டரில் இடம்பிடித்த கதை தெரியுமா? அவர்தான் சாபு.

யார் இந்த சாபு?

1924 ஜனவரி 27-ம் தேதி, அன்றைய மைசூர் சமஸ்தானத்தில் உள்ள காரப்பூரில் பிறந்தார். இன்றைக்கு கபினி சஃபாரிக்குப் போகிறவர்கள் தங்குற அதே காரப்பூர்தான். அப்பா மைசூர் மகாராஜாவின் யானைப்பாகன். சின்ன வயசிலேயே பெற்றோரை இழந்த சாபு, அரண்மனை யானை லாயத்தில் வளர்ந்தார்.

பல இடங்களில் இவர் பெயரை சாபு தஸ்தகீர் என்று எழுதுவார்கள். ஆனால் தஸ்தகீர் என்பது அவருடைய அண்ணன் பெயர். படங்களின் டைட்டிலில் 'சாபு' மட்டும்தான் வரும்.

சினிமா வாய்ப்பு எப்படி வந்தது?

1935-ல் ஆவணப்பட இயக்குநர் ராபர்ட் ஃப்ளாஹர்ட்டியின் குழு, யானையோடு பழகும் ஒரு சிறுவனைத் தேடி மைசூர் வந்தது. தேடலுக்குக் கிடைத்த பதில் சாபு. 1937-ல் 'எலிஃபண்ட் பாய்' வெளியாகி, வெனிஸ் விழாவில் சிறந்த இயக்கத்துக்கான விருதை வாங்கியது. அண்ணன் துணையோடு லண்டன் போன பையன், அங்கேயே இங்கிலீஷும் நடிப்பும் கற்றுக்கொண்டார்.

அடுத்து 1940-ல் வந்த 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' மூன்று ஆஸ்கர்களை அள்ளியது. 1942-ல் வந்த 'ஜங்கிள் புக்' படத்தில் மோக்லியே சாபுதான். அப்போது அவருக்கு வயசு 18.

போர் விமானத்தில் சாபு

1944-ல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். இந்தியர்களுக்கு அமெரிக்கா பொதுவாகக் குடியுரிமை தராத காலம் அது. 1946-ல்தான் அந்தச் சட்டம் மாறியது. குடியுரிமை கிடைத்த கையோடு அமெரிக்க விமானப்படையில் சேர்ந்தார் சாபு. பி-24 குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி வீரராக, பசிபிக் போர்முனையில் பறந்தார். வீரத்துக்காக 'டிஸ்டிங்விஷ்டு ஃப்ளையிங் கிராஸ்' பதக்கமும் வாங்கினார்.

சண்டை முடிந்து திரும்பியவருக்கு 1947-ல் 'பிளாக் நார்சிஸஸ்' நல்ல படமாக அமைந்தது. ஆனால் அதிலேயே ஒரு விஷயம் கவனிக்கணும். சாபுவுக்கு ஜோடியாக வரும் இந்தியப் பெண்ணாக நடித்தவர், உடம்பில் நிறம் பூசிக்கொண்ட பிரிட்டிஷ் நடிகை ஜீன் சிம்மன்ஸ்.

1952-ல் சேலத்தில் ஹாலிவுட், சர்க்கஸில் சாபு

இங்கேதான் கதையில் நம்ம ஊரும் வருது. 1952-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், ஹாலிவுட்டோடு சேர்ந்து 'தி ஜங்கிள்' என்ற படத்தைத் தயாரித்தது. தமிழில் இதன் பெயர் 'காடு'. அப்போது கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாமே சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தன.

ராட் கேமரூன், சீசர் ரொமேரோ, மேரி விண்ட்சர் என்று ஹாலிவுட் நடிகர்கள் நடித்தார்கள். நம்ம எம்.என்.நம்பியாரும் உண்டு. நிஜ யானைகளுக்கு ரோமம் போர்த்தி, அழிந்துபோன மாமத் விலங்குகளாகக் காட்டினார்கள். படத்தில் வரும் இந்திய இளவரசி யார்? அமெரிக்க நடிகை மேரி விண்ட்சர். ராமா சிங் என்ற இந்தியர் யார்? நியூயார்க்கில் பிறந்த சீசர் ரொமேரோ.

சரி, நிஜமாகவே இந்தியக் காட்டில் பிறந்த ஹாலிவுட் ஸ்டார் அந்த வருஷம் எங்கே இருந்தார்? லண்டன் ஹாரிங்கே சர்க்கஸில், யானையோடு வித்தை காட்டிக்கொண்டிருந்தார்.

அதே 1952-ல் அவர் நடித்த இத்தாலியப் படம் ஒன்றும் வந்தது. பெரிய இயக்குநர் விட்டோரியோ டி சிகா அதில் ஏழைப் பள்ளி வாத்தியாராக நடித்தார். அந்த வாத்தியாருக்குப் பரிசு கொடுக்கும் இந்திய ராஜாவாக சாபு. பரிசு என்ன தெரியுமா? ஒரு குட்டி யானை!

ஏன் இப்படி ஆனது?

சாபுவின் நடிப்பில் குறை சொன்னவர்கள் குறைவு. சிக்கல் வேஷத்தில்தான் இருந்தது. பையனாக இருந்தவரை யானைச் சிறுவன், காட்டுச் சிறுவன் என்று கொண்டாடினார்கள். 1940-களில் யுனிவர்சல் எடுத்த பெரிய கலர் படங்களில்கூட ஹீரோ ஜான் ஹால். சாபு அவருக்கு நண்பர். வயசு முப்பதை நெருங்கியபோது, ஒரு வக்கீலாகவோ டாக்டராகவோ காதலனாகவோ அவரை வைத்து யாரும் கதை எழுதவில்லை. இந்தியக் கதாபாத்திரம் பெரிதாக இருந்தால், அதற்கு வெள்ளைக்கார நடிகர் மேக்கப் போட்டார்.

சொந்த நாடு கூப்பிடவில்லையா?

கூப்பிட்டது. இயக்குநர் மெஹ்பூப் கான், 'மதர் இந்தியா'வில் இளைய மகன் பிர்ஜு வேஷத்துக்கு சாபுவை யோசித்தார். சாபுவும் பம்பாய் வந்தார். ஆனால் அவர் இப்போது அமெரிக்கர். இந்தியாவில் வேலை பார்க்க பர்மிட் வேணும். அது கிடைக்கவில்லை. அந்த வேஷம் சுனில் தத்துக்குப் போனது. 1957-ல் படம் வெளியாகி, சுனில் தத் பெரிய நட்சத்திரமானார்.

ஒரு நாடு குடியுரிமையும் பதக்கமும் கொடுத்தது, நல்ல வேஷம் கொடுக்கலை. இன்னொரு நாட்டில் நல்ல வேஷம் இருந்தது, பர்மிட் இல்லை.

கடைசிப் படம் எது?

1963 டிசம்பர் 2-ம் தேதி மாரடைப்பில் சாபு இறந்தார். வயசு 39 தான். மனைவி, ஒரு மகன், ஒரு மகள். டிஸ்னியின் 'எ டைகர் வாக்ஸ்' அவர் இறந்த பிறகு 1964-ல் வெளியானது. அதிலும் அவருக்குக் கிடைத்தது, புலியைப் பழக்கும் இந்தியர் வேஷம்தான்.

ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயர் பொறித்த நட்சத்திரம் இன்றும் இருக்கு. சாபுவைப் பார்க்கணும்னு தோன்றினால் 'எலிஃபண்ட் பாய்' படத்திலிருந்து ஆரம்பிங்க. மைசூர் காட்டில் ஒரு பெரிய யானை மேல் ஏறி, அதோடு பேசிக்கொண்டே போகிற அந்தப் பையனுக்கு அப்போது நடிப்பு என்றால் என்னன்னே தெரியாது.