மர்மப் படம் எடுத்த பயில்வான்!

குழந்தைகளே, துப்பறியும் படம் என்றால் உங்களுக்குக் கொள்ளைப் பிரியம்தானே? தமிழ் சினிமா பேசத் தொடங்கியது 1931-ல். அடுத்த ஐந்தே ஆண்டுகளில் ஒரு துப்பறியும் நாவலைப் படமாக எடுத்துவிட்டார், புதுக்கோட்டைக்காரர் ஒருவர். அவர்தான் ராஜா சாண்டோ!

பெயர் விநோதமாக இருக்கிறதா? அவருடைய சொந்தப் பெயர் நாகலிங்கம். அவர் பிறந்தபோது புதுக்கோட்டை ஒரு மாவட்டம் அல்ல. தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனி சமஸ்தானம். சிறு வயதிலேயே உடற்பயிற்சியில் அவருக்கு ஆர்வம் அதிகம். கட்டுமஸ்தான உடம்பு! அந்த நாளில் யூஜின் சாண்டோ என்ற ஐரோப்பியப் பயில்வான் உலகப் புகழ் பெற்றிருந்தார். அவர் பெயரே நம் நாகலிங்கத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

பலத்தை நம்பி பம்பாய்க்குப் போனார் சாண்டோ. அங்கே ஊமைப்படங்களில் சண்டைக் காட்சிகளில் நடித்தார். ஊமைப்படம் தெரியுமா? படம் ஓடும், பேச்சு கேட்காது. நடுநடுவே எழுத்தில் வசனம் வரும். பேச்சு இல்லாததால், எந்த மொழிக்காரரும் எந்த ஊரிலும் நடிக்கலாம்! 1922-ல் வெளிவந்த 'பக்த போதனா' படத்தில் அவருக்குக் கிடைத்த சம்பளம் 101 ரூபாய். மெல்ல மெல்லக் கதாநாயகன் ஆனார். 1928-ல் 'ஸ்நேக ஜோதி' படத்தின் மூலம் டைரக்டரும் ஆகிவிட்டார்.

பம்பாயில் புகழ் இருந்தும் சென்னைக்கு வந்தார். அப்போது இங்கே வந்தவை பெரும்பாலும் புராணப் படங்கள்தான். போட்ட பணம் திரும்பி வரவேண்டுமே என்று தயாரிப்பாளர்களுக்குக் கவலை! ஆனால், நம்மைப் போன்ற மனிதர்களின் கஷ்டங்களையும் திரையில் காட்ட வேண்டும் என்று விரும்பினார் சாண்டோ. 'பேயும் பெண்ணும்', 'அநாதைப் பெண்' போன்ற ஊமைப்படங்களை எடுத்தார்.

படங்கள் பேசத் தொடங்கிய பிறகும் அவர் தன் வழியை விடவில்லை. 1935-ல் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலான 'மேனகா'வைப் படமாக்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் நடித்த அந்தப் படத்தில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் உண்டு.

அடுத்த ஆண்டில் வந்ததுதான் 'சந்திரகாந்தா'. ஜே.ஆர்.ரங்கராஜு எழுதிய துப்பறியும் நாவல் அது. மடாதிபதி வேடத்தில் இருந்துகொண்டு தவறு செய்யும் ஒருவரின் குட்டு உடைபடும் கதை. அந்த வேடத்தில் காளி என்.ரத்னம் நடித்தார். பக்திப் படங்களைப் பார்த்துப் பழகிய மக்களுக்கு இப்படி ஒரு கதையைக் காட்ட எவ்வளவு துணிச்சல் வேண்டும், யோசித்துப் பாருங்கள்!

இந்தப் படத்தில் இன்னொரு விசேஷம். இதில் இளவரசன் வேடத்தில் சினிமாவுக்கு அறிமுகமான 20 வயது இளைஞரும் புதுக்கோட்டைக்காரரே. அவர்தான் பி.யு.சின்னப்பா! பின்னாளில் 'உத்தமபுத்திரன்' படத்தில் இரட்டை வேடத்தில் நடித்து அசத்தியவர்.

சாண்டோ புராண, பக்திக் கதைகளையும் ஒதுக்கவில்லை. தியாகராஜ பாகவதர் நடித்த 'திருநீலகண்டர்' (1939) அவர் எடுத்ததுதான். ஆனால், பாகவதரின் 'சிவகவி' படத்தைத் தொடங்கியவர் பாதியில் விலக நேர்ந்தது. வேறொருவர் அதை முடித்தார். படம் வெளியான 1943-ஆம் ஆண்டிலேயே கோவையில் காலமானார் சாண்டோ. 50 வயதுகூட நிறையவில்லை.

அந்தக் காலத்து பிலிம் சுலபமாகத் தீப்பிடிக்கும். நாளானால் பொடிந்தும் போகும். அதனால், அன்று வந்த படங்களில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. ஆனால், சாண்டோவின் பெயர் அழியவில்லை. தமிழ்த் திரைக்குத் தொண்டு செய்த கலைஞர்களுக்கு, தமிழக அரசு அவர் பெயரில் விருது வழங்கி வந்திருக்கிறது.

உடல் பலத்தை நம்பிச் சினிமாவுக்குப் போனவர் ராஜா சாண்டோ. ஆனால் அவர் பெயரை நிலைக்க வைத்தது, பிறர் தயங்கிய கதைகளைத் தொட்ட மன பலம்தான். அடுத்த முறை டி.வி.யில் மர்மப் படம் பார்க்கும்போது, புதுக்கோட்டைப் பயில்வானை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வீர்கள்தானே?