வட்டுக்கோட்டையில் பிறந்தவர், ஆசியானுக்குக் கையெழுத்திட்டவர்

2018 ஜனவரி 26ஆம் திகதி புதுடில்லியில் நடந்த குடியரசு தின விழாவுக்கு இந்தியா பத்துப் பிரதம விருந்தினர்களை ஒன்றாக அழைத்திருந்தது. ஆசியான் எனப்படும் தென்கிழக்காசிய நாடுகள் சங்கத்தின் பத்து உறுப்பு நாடுகளினதும் தலைவர்கள் அவர்கள். பெரிய இந்தோனேசியாவுக்கும் சிறிய சிங்கப்பூருக்கும் புரூணைக்கும் அந்த மேடையில் ஒரே மரியாதைதான்.

அந்தச் சங்கத்தைத் தோற்றுவித்த பிரகடனத்தில் 1967 ஓகஸ்ட் 8ஆம் திகதி பாங்கொக்கில் ஐந்து பேர் கையெழுத்திட்டார்கள். அவர்களில் ஒருவர் யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் பிறந்தவர். பெயர் சின்னத்தம்பி இராஜரத்தினம்.

அவரது பெற்றோர் மலாயாவில் வாழ்ந்தவர்கள். தந்தை சிரம்பானில் றப்பர் தோட்ட மேற்பார்வையாளர். முதற்பிள்ளையைப் பறிகொடுத்திருந்த குடும்பம், அடுத்த பிள்ளை ஊரில் பிறக்கட்டும் என்று எண்ணியது. 1915 பெப்ரவரி 25ஆம் திகதி பிறந்த இராஜரத்தினம் கைக்குழந்தையாகவே மலாயாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

சட்டம் படிக்க லண்டன் போனார். இரண்டாம் உலகப் போரில் வீட்டிலிருந்து பணம் வருவது நின்றது. பட்டம் கைகூடவில்லை. எழுதிப் பிழைத்தார். ஹங்கேரியப் பெண்ணான பிரோஸ்காவை மணந்துகொண்டு, 1940களின் இறுதியில் திரும்பிவந்து சிங்கப்பூரில் பத்திரிகையாளரானார். 1954இல் லீ குவான் யூவுடன் சேர்ந்து மக்கள் செயல் கட்சியைத் தொடங்கினார். 1959இல் கலாசார அமைச்சரானார்.

1965இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது, அந்த உடன்படிக்கையில் கையெழுத்திடத் தயங்கியவர்களில் இவரும் ஒருவர். வளர்ந்த மண் எல்லைக்கு அப்பால் போய்விட்டது. விரும்பாத பிரிவினையில் பிறந்த நாட்டுக்கு அவரே முதல் வெளிவிவகார அமைச்சர். முந்தைய ஆண்டின் இனக்கலவரங்களைக் கண்டிருந்தவர், இனம், மொழி, மதம் கடந்த தேசிய உறுதிமொழியை 1966இல் வரைந்தார். பத்து ஆண்டுகளின் பின்னர், அவர் பிறந்த ஊரின் பெயரிலேயே தனிநாட்டுத் தீர்மானம் ஒன்று நிறைவேறியது. ஒரே ஊரின் பெயரோடு இரண்டு வேறு வழிகள்.

இந்தியாவிடம் அவரது நாடு எதிர்பார்த்ததெல்லாம் கிடைக்கவில்லை. சிங்கப்பூரை விரைவாக அங்கீகரித்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. ஆனால், புதிய படையணிகளைப் பயிற்றுவிக்க உதவி கேட்டு லீ குவான் யூ பிரதமர் லால் பகதூர் சாஸ்திரிக்கு எழுதியபோது, வாழ்த்து வந்தது, உதவி வரவில்லை. கடைசியில் இஸ்ரேல்தான் பயிற்சியளித்தது. பெரிய நாடுகளுக்கு அவரவர் கணக்கு உண்டு. சிறிய நாடு தனியாகப் போய்க் கேட்டால் அந்தக் கணக்கில் அதற்கு இடம் குறைவு. அயலவர்களோடு சேர்ந்து நின்றால் கதை வேறு. ஆசியானின் தேவை இங்கேதான் இருந்தது.

இந்தியா நீண்ட காலம் ஆசியானை மேற்குலகின் நிழலாகவே பார்த்தது. ஆசியான் இந்தியாவைச் சோவியத் ஒன்றியத்தின் நண்பனாகப் பார்த்தது. 1979 ஜனவரியில் வியட்நாம் படைகள் கம்போடியத் தலைநகரைக் கைப்பற்றின. 1980 ஜூலையில், வியட்நாம் அங்கே அமர்த்திய அரசை இந்தியா அங்கீகரித்தது. ஆசியானுடனான நெருக்கம் பல ஆண்டுகள் பின்தள்ளிப் போனது.

அந்த விவகாரத்தில் வியட்நாமுக்கு எதிராக உரக்கப் பேசியவர்களில் இராஜரத்தினம் முக்கியமானவர். பெரிய அயலவன் சிறிய நாட்டுக்குள் படையோடு நுழைவதை ஏற்க முடியாது என்பது அவரது நிலைப்பாடு. ஆனால், அதன் விளைவாகப் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோரின் மரணத்துக்குக் காரணமான கெமர் ரூஜ் தரப்பின் ஐ.நா. ஆசனம் காப்பாற்றப்பட்டது. கொல்லப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது இலகுவில் கடந்துபோகக்கூடிய விடயமல்ல. இறைமை என்ற சொல் யாரைக் காக்கிறது என்ற கேள்வி நமக்கும் பழக்கமானது.

இன்னொரு கறையும் உண்டு. பத்திரிகையாளராக இருந்த அவர் அங்கம் வகித்த அரசு, 1971இல் பத்திரிகைகள் மீது கைவைத்தது. இரண்டு ஆங்கிலப் பத்திரிகைகள் நின்றுபோயின. ஒரு சீனப் பத்திரிகையின் பொறுப்பாளர்கள் விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்டார்கள். இராஜரத்தினம் அரசின் பக்கமே நின்றார்.

1980இல் வெளிவிவகார அமைச்சை எஸ். தனபாலனிடம் ஒப்படைத்துவிட்டு இரண்டாம் துணைப் பிரதமரானார். 1988இல் அரசியலிலிருந்து ஒதுங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் உலகம் மாறியது. சோவியத் ஒன்றியம் உடைந்தது. அந்நியச் செலாவணி நெருக்கடியில் சிக்கிய இந்தியா, பிரதமர் நரசிம்ம ராவ் காலத்தில் கிழக்கை நோக்கித் திரும்பியது. 1992இல் ஆசியானின் துறைசார் உரையாடல் பங்காளியானது. 1995இல் முழுப் பங்காளித்துவம் முடிவானது. அதே ஆண்டில் வியட்நாமும் ஆசியானில் சேர்ந்தது.

முதுமையில் இராஜரத்தினத்தின் நினைவாற்றல் மங்கியது. 2006 பெப்ரவரி 22ஆம் திகதி, 91ஆவது பிறந்தநாளுக்கு மூன்று நாட்கள் முன்னதாகக் காலமானார். இந்தியாவும் ஆசியானும் 2012இல் மூலோபாயப் பங்காளிகளானதையும், 2022இல் அது விரிவான மூலோபாயப் பங்காளித்துவமாக உயர்ந்ததையும் அவர் காணவில்லை.

பெரிய நாட்டின் வாசலில் தனித்தனியாகப் போய் நின்று பழகியவர்கள் நாம். ஒவ்வொரு தரப்பும் தன் மனுவைத் தானே கொண்டுபோனது. நம் ஊரில் பிறந்த இந்த மனிதரின் வாழ்க்கையில் ஏற்க முடியாதவை உண்டு. ஆனால், பெரியவர்களிடம் போவதற்கு முன் அயலவர்களோடு பேசி ஒன்றாக நிற்க வேண்டும் என்பதில் அவர் பிழைவிடவில்லை.