பயிர்களின் குலமுறை கிளத்திய ஜானகி அம்மாள்

திருவேகம்பத்துத் தலமரமான மாமரம், நான்கு கிளைகளில் நான்கு சுவைக் கனி தரும் என்பது காஞ்சி மக்களின் வழிவழி நம்பிக்கை. பயிர்களில் இயல்புகள் வேறுபடுவதும் வழிவழி தொடர்வதும் எவ்வாறு என்னும் வினாவுக்கு நுண்ணோக்கியின் வழியே விடை தேடியவர் ஜானகி அம்மாள்.

1897 நவம்பர் 4ஆம் நாள் தலைச்சேரியில் பிறந்த அவர், சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். மகளிர் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்தார். இல்லறத்தை நாடாது கல்வியை நாடிக் கடல் கடந்து, 1931இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவரானார்.

1934இல் கோவைக் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். இனிப்பு மிகுந்த தடித்த கரும்பில் 80 குரோமோசோம்கள் உள்ளன. நோயையும் வறட்சியையும் தாங்கும் காட்டுக் கரும்பிலோ அவ்வெண்ணிக்கை 40 முதல் 128 வரை வேறுபடும். இனிமையும் வலிமையும் ஒரு பயிரில் கூடவேண்டுமாயின் இக்கணக்கை அறிதல் இன்றியமையாதது. அதனை அறிய முயன்ற அம்மையார், கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து புதிய இனமும் கண்டார். எனினும், தனித்து வாழும் பெண் என்பதும் பிறந்த குலமும் அங்கு அவருக்கு இடர்களாயின. செடிகளின் கலப்பைப் போற்றிய உலகம் மனிதரிடை வேலியிட்டது!

1939இல் எடின்பரோ மரபியல் மாநாட்டிற்குச் சென்றவரைப் போர் இங்கிலாந்திலேயே நிறுத்தியது. குண்டுமழைக்கிடையிலும் ஆய்வு தளரவில்லை. டார்லிங்டனுடன் இணைந்து அவர் தொகுத்த பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணை 1945இல் வெளிவந்தது. பின்னர் விஸ்லித் தோட்டத்தில், நம் செங்காந்தளிலும் காணப்படும் கால்ச்சிசின் என்னும் நச்சுப்பொருளால் மக்னோலியாச் செடிகளின் குரோமோசோம்களை இரட்டிக்கச் செய்தார். ஒரு மக்னோலியா வகை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டார். 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். முதுமையில், சென்னையிலிருந்து காஞ்சிக்கு வரும் நெடுஞ்சாலையில் அமைந்த மதுரவாயலில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வகத்தில் மூலிகைகளைப் பேணி வாழ்ந்தார்.

கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கை நீரில் மூழ்கடிக்கவிருந்த மின்திட்டத்தை எண்பது வயதை ஒட்டிய நிலையிலும் எதிர்த்தார். அக்காட்டு மரங்களின் குரோமோசோம்களை ஆராயவும் முற்பட்டார். புதிய இனங்களை ஆக்கத் தெரிந்தவருக்கு, அழிந்த இனத்தை மீட்க இயலாது என்பது நன்கு தெரியும்.

1984 பிப்ரவரி 7ஆம் நாள் அம்மையார் மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. அச்செய்தி அவர் செவிக்கு எட்டவில்லை. மரங்களோ இன்றும் நிற்கின்றன.